விலைக்கு முன்னால் சொல்லும் வரி

ஜூன் 12, இரவு

அம்மாவுக்கு,

முதலில் ஒரு கேள்வி. மற்றதற்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாவிட்டாலும் இதற்கு மட்டும் எழுது. உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி எதுவும் இல்லையே?

உன் விலாசத்தைக் கீழ்த்தள ஜெராக்ஸ் கடை அக்காதான் கொடுத்தார். "உங்கம்மா போறப்பவே குடுத்துட்டுப் போனா. அவளாக் கேட்டா மட்டும் குடு, வேற யாருக்கும் குடுக்காதன்னு சொன்னா. நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் நான் உன் பக்கம் என்று ஆகிவிடும். பதிலை அவர் கடைக்கே போடு, வீட்டுக்கு வேண்டாம். போனிலும் பேச முடியாது. ஆர்டர் வரும் என்று அப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போட்டால் எழுந்துவிடுவார். டெமோ மெஷினில் நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அந்த வெளிச்சம் இந்தத் தாளுக்குப் போதும். நீ போன பிறகு குக்கர் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அப்பா தண்ணீர் ஃபில்டர் விற்கிறார். டெமோ மெஷின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நாங்கள் குடிக்கக் கூடாது, புதுசாகவே இருக்க வேண்டும். நாங்கள் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனியில் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவருக்கு மைக் சார் என்று பெயர். பத்துப் பேர் இருக்கும் அறையிலும் மைக் இல்லாமல் பேச மாட்டாராம். "மெஷினை விக்காதீங்க, கதைய வில்லுங்க. கதையச் சொல்லிட்டு நிறுத்துங்க. அவங்க ஒரு மூச்சு இழுத்து விடட்டும். அதுக்கப்புறம் விலையச் சொல்லுங்க" என்பாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் செய்து பார்க்கிறார். நான்தான் வாடிக்கையாளர். கதவைப் பாதி திறந்து நிற்க வேண்டும்.

"வணக்கம் மேடம், ஒரே ஒரு நிமிஷம்."

"வேண்டாங்க. எங்ககிட்ட இருக்கு."

"அப்படிப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லாத சுண்டெலி. எரிச்சலாச் சொல்லு. அடுப்புல ஏதோ இருக்கு, இவன் வேற வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு சொல்லு. உங்கம்மா சொல்ற மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அன்று பயிற்சி முடிந்துவிட்டது.

இப்போது பள்ளி விட்டதும் என்னையும் கூட்டிப் போகிறார். பிள்ளை கூட இருந்தால் கதவை முகத்தில் சாத்த மாட்டார்களாம். சீருடையை மாற்ற வேண்டாம் என்கிறார். வீட்டுப்பாடத்தை யார் யார் வீட்டுப் படிக்கட்டிலோ உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று வகுப்பில் தூங்கிவிட்டேன். டீச்சர் எழுப்பாமல் விட்டார், அதுதான் வெட்கமாக இருந்தது.

வேறொன்றும் நடந்தது. அதை இப்போது எழுதப் பயமாக இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று பதில் வந்த பிறகு எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது.

சுண்டெலி


ஜூன் 17

சுண்டெலிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. நாளெல்லாம் நின்று செய்கிற வேலை, சாயங்காலம் கால் வீங்கும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருக்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சைத் துணி எல்லாம் தள்ளுவண்டியில் வந்துகொண்டே இருக்கும். பிரித்து மெஷினில் போட வேண்டும், எடுத்து மடிக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. மெஷின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

அறையில் நாங்கள் நாலு பேர். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில். பிள்ளைகளைத் தங்கவைக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். உன்னைக் கூட்டிவராததற்கு அதுதான் காரணம். வேறு காரணம் யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

ஒரு பிள்ளை அம்மாவிடம் சௌக்கியமா என்று கேட்கும். வாந்தி இருக்கிறதா என்று கேட்காது. உன்னிடம் யார் என்ன சொன்னார்கள்? மறைக்காமல் எழுது. நான் திட்ட மாட்டேன். திட்டினாலும் கடிதத்தில்தானே, மடித்து வைத்துவிடு.

அந்த மனுஷர் இன்னும் "ஒரே ஒரு நிமிஷம்" என்றுதான் ஆரம்பிக்கிறாரா? கதவைத் திறக்கிறவளுக்கு அந்த வார்த்தையிலேயே தெரிந்துவிடும், அரை மணி நேரம் போகப்போகிறது என்று. குக்கர் விற்ற காலத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். இதை அவரிடம் சொல்லாதே. நான் சொன்னேன் என்று தெரிந்தால் வேண்டுமென்றே இரண்டு நிமிஷம் என்பார்.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

அம்மா


ஜூன் 22, இரவு

அம்மாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்ற முதல் வரியை மட்டும் கிழித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பயமாக இருந்தது. கடிதத்தை அக்கா கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன். ஆரம்பித்தது நான்தான்.

நீலக் கேட் போட்ட ஒரு வீடு. ஒரு ஆன்ட்டி மட்டும் இருந்தார். அப்பா சமையலறைக் குழாயில் டெமோவை மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஹாலில் நின்றேன். ஆன்ட்டி என் பையையும் ஷூவையும் பார்த்துவிட்டு, "ஸ்கூல் விட்டு நேரா வர்றியாம்மா? ஏன், அம்மா இல்லையா?" என்று கேட்டார். வீட்டில் இல்லையா என்று கேட்கிறார் என்று நினைத்து, "இல்ல ஆன்ட்டி" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "எப்போ?" என்றார்.

"போன வருஷம்" என்றேன். நீ போனது போன வருஷம்தானே.

"என்னம்மா ஆச்சு?"

அதற்கு என்ன சொல்வது? நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையை வெளியில் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தலையைத் தடவினார். அப்போதுதான் அவர் என்ன நினைத்திருக்கிறார் என்று புரிந்தது. சரிசெய்ய வாயைத் திறந்தேன் அம்மா, சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் சமையலறைக்குப் போய், "நீங்க டெமோ எல்லாம் காட்ட வேண்டாங்க. ஒண்ணு மாட்டிக் குடுத்துட்டுப் போங்க. தாயில்லாப் பிள்ளைய வச்சுக்கிட்டு தெருத்தெருவா அலையிறீங்களே" என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஸ்பானரோடு திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "என்னங்க பண்றது" என்று மட்டும் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும், "என்ன சொன்ன அவங்ககிட்ட?" என்றார். சொன்னேன். "நீ பொய் சொல்லல. இல்லன்னு சொன்ன. இல்லதான். அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டாங்க" என்றார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டேன்.

அடுத்தடுத்த வீடுகளில் யாராவது அம்மா எங்கே என்று கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தார். கேட்காத வீடுகளில் மெஷின் விற்கவில்லை. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "இவளுக்கு அம்மா இல்லைங்க." அங்கே நிறுத்துவார். "தண்ணிதாங்க." மறுபடி நிறுத்துவார். அதற்குப் பிறகு விலை.

முழுப் பொய்யாக எதுவும் சொல்வதில்லை. தண்ணீரால்தான் செத்தாள் என்று சொல்ல மாட்டார். 'தண்ணிதாங்க' என்று மட்டும் சொல்வார். மீதியை அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள்.

அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். மெதுவாக, சத்தமாக, நிமிர்ந்து பார்த்து, கீழே பார்த்து. எது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். கீழே பார்த்துச் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

ஒரு வீட்டில் மட்டும் அவர்கள் விடாமல் கேட்க, வாந்தி, காய்ச்சல் என்று விவரமும் சொல்லிவிட்டார். அன்றுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. ஜூலை பதினைந்தாம் தேதி எல்லாக் கிளைகளும் சேர்ந்து ஒரு மண்டபத்தில் கூட்டம். விற்பனை குறைந்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, வீட்டில் பேசுவதுபோலப் பேசிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வார்களாம். அப்பா பெயர் அதில் இருக்கிறது. மைக் சாரிடம் இந்தக் கதையைச் சொன்னாராம். மைக் சார் மைக்கை அணைத்துவிட்டு, "சார், இதைப் பிள்ளை வாயால சொல்லணும்" என்றாராம்.

நான் மேடையில் நின்று, எனக்கு அம்மா இல்லை என்று சொல்ல வேண்டும். பின்னால் திரையில் நீ குடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ வரும். போட்டோவுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. "எழுதினாத்தான் பொய்யாகும். சும்மா போட்டாப் போதும்" என்கிறார்.

வீட்டுக்கு வீடு சொன்னபோது சும்மா இருந்துவிட்டேன். மைக்கில் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், உனக்குக் காய்ச்சல் இல்லையே?

சுண்டெலி


ஜூன் 29

சுண்டெலிக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. படித்ததும் சிரிப்பு வந்தது. கீழ்க்கட்டில்காரி என்னடி என்றாள். "நான் செத்துட்டேனாம். என்னை வச்சு ஃபில்டர் வித்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். "வித்துச்சா?" என்றாள். "டெமோகூட இல்லாம வித்துச்சாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குடை போட்டோவை எடுத்தது யார் தெரியுமா? அவர்தான். முதல் முறையாக ஒரே நாளில் நானும் அவருமாகக் கையிலிருந்த குக்கரையெல்லாம் விற்றுவிட்டு மழையில் நனைந்துகொண்டு வந்தோம். திரையில் போட அதைப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறார். வீட்டில் என் படம் வேறு இல்லாமலா போயிற்று?

அவருக்கு நான் எழுத மாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் வாயில் இருக்கிற வார்த்தையை நான் பிடுங்கிப் பேசிவிடுகிறேன் என்பதுதான் எப்போதும் அவர் குறை. ஒரு வீட்டில் அவர் தப்பாகச் சொன்ன கணக்கை அந்த அம்மாவின் முன்னாலேயே திருத்திவிட்டேன். "ஒண்ணு நீ பேசு, இல்ல நான் பேசறேன்" என்றார் அன்றைக்கு. சரி, நீங்களே பேசுங்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது பேசுகிறார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வரியைச் சொல்லாமலும் மெஷினை விற்கலாம். எப்படி என்று எழுதுகிறேன், நீயே செய்து பார்.

கதவு திறந்ததும் கிருமி, வியாதி என்று ஆரம்பிக்காதே. அவள் சமையலறை அழுக்கு என்று சொல்ல நீ யார் என்று அவளுக்குத் தோன்றும். பையைக் கீழே வை. கை இரண்டும் சும்மா இருக்கட்டும். "உங்க வீட்ல தண்ணிய யாரு கொதிக்கவைக்கிறாங்க?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். உங்கள் மைக் சார் சொல்கிற நிறுத்தம் வேறு. அது அவளை அழவைக்க நிறுத்துவது. இது அவள் பேசுவதற்காக.

அவள் பேசுவாள். நான்தான், வேறு யார், காலையில் எழுந்ததும் ஒரு பாத்திரம், ராத்திரி ஒரு பாத்திரம், ஆறவைக்க இடமில்லை, மூடி வைத்தால் வாடை என்று வரிசையாக வரும். நீ ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவளுடைய டம்ளரையே கேட்டு வாங்கு. கம்பெனி கப்பில் ஊற்றினால் அது கம்பெனித் தண்ணீர். அவள் டம்ளரில் ஊற்றினால் அவள் வீட்டுத் தண்ணீர். அவள் குடித்து முடிக்கிறவரை விலையைச் சொல்லாதே. வேண்டாம் என்றால் ஒரு முறைதான் கேட்க வேண்டும், இரண்டாம் முறை கேட்டால் அடுத்த தடவை கதவு திறக்காது.

இதை உன் யோசனை மாதிரி அவரிடம் சொல். கோபம் வந்தால் விட்டுவிடு.

எனக்குக் காய்ச்சல் இல்லை.

அம்மா


ஜூலை 5, இரவு

அம்மாவுக்கு,

செய்து பார்த்தேன். எல்லாம் கெட்டுப்போயிற்று.

ஒரு மாடி வீடு. அப்பா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே புகுந்து, "ஆன்ட்டி, உங்க வீட்ல தண்ணிய யாரு கொதிக்கவைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டேன். நீ சொன்னது சரி. அவர் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மாமியார் கொதித்த தண்ணீர் வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் அதுதான் வேண்டும் என்பார், இரண்டு பானையில் தனித்தனியாக வைத்துத் தன் கை போயிற்று என்றார். உள்ளேயிருந்து ஒரு மாமா, "யார்கிட்ட குடும்பக் கதை பேசிட்டு இருக்க?" என்றார். "உங்க கதையைத்தான்" என்றார் ஆன்ட்டி. அவருடைய டம்ளரில் தண்ணீர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, அடுத்த மாதம் வாங்க, கட்டாயம் பார்ப்போம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்பா கோபப்படவில்லை. அந்த மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீடுகளில் காட்டுவதற்காகப் பையில் வைத்திருக்கும் சாம்பிள் பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்தார். அதைக் குடிக்கவே கூடாது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாருமில்லப்பா. நானாத்தான்."

"இது உன் கேள்வி இல்ல. எனக்குத் தெரியும் இது யார் கேள்வின்னு."

பையைச் சோதிப்பார் என்று நினைத்தேன். சோதிக்கவில்லை. "அவ கேட்டா எல்லாரும் பேசுவாங்க. நான் கேட்டா ஏன் கேக்கறன்னுதான் பாப்பாங்க. என்கிட்ட அது இல்ல சுண்டெலி. என்கிட்ட இருக்கறது அந்த ஒரு வரிதான்" என்றார்.

நான் அழுதேன். அவர் என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஒரே ஒரு தடவ. மேடையில மட்டும். அதுக்கப்புறம் உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன். அந்த வரியும் வேண்டாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். மறுபடி பயிற்சி ஆரம்பித்துவிட்டது. என் வரி வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அது நடிப்பு என்று நினைத்து, "அப்படித்தான், அதையே மேடையிலயும் செய்" என்கிறார்.

சொல்லாவிட்டால் அப்பாவுக்கு வேலை போகும். சொன்னால் உனக்கு ஏதாவது ஆகும். நீ ஒரு நாள் லீவு போட்டு வர முடியாதா? மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும். நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமில்லாமல் இருக்கும்.

சுண்டெலி


ஜூலை 10

சுண்டெலிக்கு,

லீவு கேட்டேன். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். செத்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் உன் அப்பா மேடையிலேயே விழுந்துவிடுவார். மனுஷர் அதோடு போகட்டும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு அவர்மேல் கோபமில்லை. எனக்கு எதன்மேலும் கோபப்படத் தெம்பில்லை.

அதனால் நீ இதைக் கவனமாகப் படி.

சொல்லிவிடு. எனக்கு அம்மா இல்லை என்று மைக்கில் சொல். சத்தமாக, தெளிவாக, தொண்டை அடைக்காமல் சொல். நான் சொல்லச் சொன்னேன். யாராவது என்றைக்காவது கேட்டால் அம்மாவே சொல்லச் சொன்னாள் என்று சொல்.

எனக்கு ஒன்றும் ஆகாது. நான் வேலை செய்கிற இடம் எது என்று மறந்துவிட்டாயா? தினமும் செத்தவர்கள் படுத்திருந்த விரிப்பு எனக்கு வருகிறது. அதில் ஒருவர்கூட வேறு யாரோ ஒரு வார்த்தை சொன்னதால் செத்தவர் இல்லை. ஒருவர் மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பார், போய்விடுவார் என்று வீட்டார் வெளியில் நின்று பேசுவார்கள், அவர் எழுந்து கஞ்சி கேட்பார். வாயால் சொல்வதற்கு அவ்வளவு பலமிருந்தால், பிழைத்துவிடு என்று சொல்லியே எல்லோரையும் பிழைக்கவைத்திருப்பார்கள், இந்தக் கூடத்தில் எனக்கு இவ்வளவு துணி வராது.

எனக்கு வருத்தமா என்று கேட்காதே. உனக்குச் சாப்பாடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். இப்போதைக்கு அதை அவர்தான் கொடுக்கிறார். நான் சம்பாதிப்பது தனி வீடு எடுக்கப் போதாது. வாடகை குறைந்த இடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், ஆகும்போது ஆகும். அதுவரை செத்தவளாக இருந்துவிட்டுப் போகிறேன், என்ன குறைந்துவிடப் போகிறது.

மேடையில் ஏறும்போது ஷூ நாடாவைச் சரிபார்த்துக்கொள். மைக்கைக் கையால் தட்டாதே. வரியைச் சொல்லி முடித்ததும் அப்பாவைப் பார்க்காதே, கூட்டத்தையும் பார்க்காதே, எதிர்ச்சுவரைப் பார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அம்மா


ஜூலை 19

அம்மாவுக்கு,

உன் கடிதம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா கடை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். அதை மடித்து சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் நிறைய ப்ளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் கம்பெனிப் பெரியவர்கள். எங்களுக்கு முன்னால் பேசியவர் பாதியில் மறந்துபோய், "மன்னிச்சுக்கோங்க, வீட்ல நல்லா வந்துச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா நன்றாகப் பேசினார். 'ஒரே ஒரு நிமிஷம்' என்று சொல்லவில்லை. டெமோவை மாட்டினார், தண்ணீர் வந்தது. பிறகு விளக்கைக் குறைத்தார்கள். திரையில் நீ வந்தாய். அவ்வளவு பெரிதாக உன்னை நான் பார்த்ததே இல்லை. குடையின் கம்பி ஒன்று வளைந்திருப்பதுகூடத் தெரிந்தது. அப்பா நிறுத்திவிட்டு என் பக்கம் மைக்கை நீட்டினார்.

எனக்குப் பயமே இல்லை. நீ சொல்லச் சொல்லிவிட்டாய், உனக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிவிட்டாய், பயப்பட ஒன்றுமில்லை. தொண்டையும் அடைக்கவில்லை. ஆனால் பயம் போன பிறகும் அது வாயில் வரவில்லை. இத்தனை நாளும் பயத்தால்தான் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

"எங்க அம்மா இருக்காங்க" என்றேன். மைக்கில் என் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. "வேற ஊர்ல ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மைக் சார் காகிதத்தைப் புரட்டினார். அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். மேடை என்பதால் வீட்டுக்குப் போய் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. திரும்பித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து விலை வர வேண்டும். விலையைச் சொல்லவில்லை.

மைக்கை என் கையிலிருந்து வாங்கி, "இவ சொன்னது சரிதாங்க" என்றார். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "உங்க வீட்ல தண்ணிய யாரு கொதிக்கவைக்கிறாங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார். அந்த நிறுத்தம் ரொம்ப நேரம் இருந்தது. கடைசியில் கணக்குப் பிரிவு மேடம் ஒருவர், "நான்தான். வேற யாரு" என்றார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்துவிட்டார்கள்.

விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஏற்கெனவே விற்ற மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் செய்கிற சர்வீஸ் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. "வாயைத் தொறக்காத வேலை" என்றார் அப்பா. அந்த நீலக் கேட் வீட்டுக்கும் ஒரு நாள் போக வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் வரும்போதுதான் கேட்டார். "துணி துவைக்கிறான்னு யாரு சொன்னா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெராக்ஸ் கடையா?"

நான் தலையாட்டினேன்.

"நானும் ஒரு தடவ கேட்டேன் அந்த விலாசத்த. பிள்ளை கேட்டாத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்கன்னு விரட்டிவிட்டுடுச்சு அந்தப் பொண்ணு." டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே, "அதுக்கப்புறம் உன்னைக் கேக்கச் சொல்லலாம்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

இந்தக் கடிதத்தை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கு எரிகிறது. அப்பா எதிரில் உட்கார்ந்து சர்வீஸ் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். படிக்கவில்லை, ஒரே பக்கம்தான் திறந்திருக்கிறது. கடைசியில் கொஞ்சம் இடம் விடட்டுமா, நீங்களும் எழுதுகிறீர்களா என்று கேட்டேன். பேனாவை வாங்கி மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம். நீயே எழுது."

"என்னப்பா எழுதறது?"

"அங்க தண்ணி எப்படின்னு கேளு."

கேட்டுவிட்டேன். அவர் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீ பதில் எழுதும்போது வீட்டு விலாசத்துக்கே எழுது.

சுண்டெலி